வெள்ளை ஹெல்மெட்டின் சம்பளம்

எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. அது மரியாதைக் குறைவு. தலையில் இருக்கிற ஹெல்மெட்டின் நிறத்தைப் பார்த்துத் தாங்களாகவே ஒரு தொகையைப் போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்தத் தொகையை நான்கு வீடு தள்ளிப் போய்ச் சொல்வார்கள். இதில் மரியாதை குறையாது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். காலையில் தெருமுனையில் நின்றால் எல்லா நிறமும் போகும். மஞ்சள் என்றால் கான்ட்ராக்ட் கூலி, இருபதாயிரத்துக்குள். நீலம் என்றால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், கொஞ்சம் மேலே. வெள்ளை என்றால் படித்தவர், ஆபீசர், ஐம்பதுக்குக் குறையாது. வெள்ளை ஹெல்மெட்டும் எரிவாயு நிரப்பும் ஆலையும் சேர்ந்துவிட்டால் எங்கள் தெரு எழுபது வரைக்கும் போகும். எண்ணெய், எரிவாயு என்று எதில் வேலை செய்தாலும் எங்கள் ஊரில் அது 'ஆயில் கம்பெனி'. ஆயில் கம்பெனியில் இருப்பவன் வீட்டில் குழாயைத் திறந்தால் பணம் கொட்டும் என்பது ஊரின் தீர்மானம்.

போன வருடம் எனக்கு வெள்ளை ஹெல்மெட் கிடைத்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். இதை அடக்கத்தோடு சொல்ல வேண்டும் என்று பலர் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் மூன்று தலைமுறையாகப் படித்தவர்கள். என் அம்மாவும் நைனாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள். நைனா தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். அதை நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் கெமிக்கல் டிப்ளமோ முடித்தவள். அடக்கம் பிறகு வரட்டும்.

நைனா இருபது வருடமாக அதே எரிவாயு ஆலையில் லோடுமேன். சமையல் எரிவாயு நிரப்பிய சிலிண்டர்களை லாரியில் ஏற்றும் வேலை. அங்கே பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலைக்குச் சென்னையில் இருக்கிற ஒரு ஏஜென்சி ஆள் எடுத்தபோது நானும் போனேன். வேலைக்கான கடிதம் ஆங்கிலத்தில் நாலு பக்கம் வந்தது. வருடத்துக்கு இரண்டு லட்சத்து எழுபத்தாறாயிரம் என்று போட்டிருந்தது. நான் அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இருபத்து மூவாயிரம் என்று வீட்டில் அறிவித்தேன். வகுத்தலில் பிழை இல்லை.

முதல் மாதம் முடிந்து போனில் மெசேஜ் வந்தது. பதினாலாயிரத்து அறுநூறு.

பாக்கி எங்கே என்று கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். எல்லாம் அதிலேயே இருந்தது. எனக்காக முதலாளி கட்டும் வருங்கால வைப்பு நிதி என் சம்பளத்தில் சேர்த்தி. ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்தால் கிடைக்கும் பணிக்கொடையும் சேர்த்தி. அந்த ஏஜென்சியில் யாரும் ஐந்து வருடத்தைத் தொட்டதில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். கேன்டீனில் நான் தின்னப்போகிற சாம்பார் சாதம், நான் ஏறப்போகிற பஸ், நான் போடப்போகிற ஷூ எல்லாம் சேர்த்தி. நான் செத்துப்போனால் என் வீட்டுக்குக் கிடைக்கிற இன்சூரன்ஸின் பிரீமியமும் சேர்த்தி. உயிரோடு இருக்கிற வரைக்கும் பதினாலாயிரத்து அறுநூறு.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மாவிடம் மாதம் பத்தாயிரம் கொடுத்தேன். மீதி பேங்கில் இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் நினைப்பைக் கலைப்பது பிள்ளைகளுக்கு அழகல்ல என்று நான் நினைத்துக்கொண்டேன். இதற்குள் தெரு என் சம்பளத்தை ஐம்பதாக்கியிருந்தது. கல்யாணத் தரகர் ஒருவர் அதை அறுபதாக உயர்த்தினார். ஏஜென்சி கொடுக்காத இன்கிரிமென்ட்டை அவர் கொடுத்தார்.

வேலைக்குப் போன பிறகுதான் இந்தத் தொழிலில் சம்பளம் எப்படி ஏறி இறங்குகிறது என்பது எனக்குப் பிடிபட்டது. என்னோடு டிப்ளமோ படித்தவன் ஒருவன் கடலுக்குள் இருக்கும் துளையிடும் மேடையில் வேலை செய்கிறான். பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் வீடு. அவன் வீட்டில் தூங்குகிற அந்தப் பதினாலு நாளுக்கு வாங்குவது என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். இன்னொருவன் வளைகுடா நாட்டில் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறான். அவன் ஊர்ப் பணத்தில் சொல்லும் தொகையைக் கேட்டால் சின்னதாக இருக்கும், நம் ஊர்ப் பணத்தில் மாற்றினால் நமக்குத் தலை சுற்றும். எங்கள் ஆலையிலேயே, எரிவாயு தொட்டிக்கு வரும் இடத்தில் கன்ட்ரோல் பேனல் முன்னால் உட்கார்ந்திருக்கும் நிரந்தர ஊழியருக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம். எட்டாவதைத் தாண்டாத வெல்டர் ஒருவர், ஆலையை வருடாந்திரப் பராமரிப்புக்கு மூடும்போது மட்டும் வருவார். அவருடைய ஒரு வாரக் கூலி என் ஒரு மாதம். அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார். நான் அவரைப் பார்த்து, பெல்ட் சரியாகப் போடுங்கள் என்று சொல்வேன்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. எரிவாயு கடலுக்கடியில் இருக்கும்போது அதைத் தொடுகிறவனுக்குச் சம்பளம் அதிகம். அது குழாய்க்கு வந்து, தொட்டிக்கு வந்து, சிலிண்டருக்கு வந்து, அடுப்பை நெருங்க நெருங்கச் சம்பளம் குறைகிறது. அடுப்பின் முன்னால் நிற்கிற என் அம்மாவுக்குச் சம்பளமே கிடையாது.

இந்த ஒழுங்குக்கு அடங்காத ஒரு இடம் லோடிங் ஷெட். அங்கே லோடுக் கணக்கு. எத்தனை லாரி ஏற்றுகிறார்களோ அத்தனைக்குக் கூலி. நைனாவின் கேங்கில் நாற்பது பேர். நல்ல மாதத்தில் ஒருவருக்கு இருபத்திரண்டாயிரம் கையில் வரும். ஆம், என் நைனா என்னைவிட அதிகம் சம்பாதித்தார். லாரிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்காவிட்டால் லோடிங்கை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது. நான் நிறுத்துகிற ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அவருடைய கூலியில் கொஞ்சம் போகும். என்னுடையதில் போக ஒன்றும் இல்லை.

அந்தக் கேங்கில் இடம் கிடைப்பது, அரசாங்க வேலை கிடைப்பதைவிடக் கடினம். காத்திருப்பவர்கள் பட்டியல் கேங் மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும். ஒருவர் போனால்தான் ஒருவர் வரலாம். போகிறவர் திரும்பி வர முடியாது. போகிறவர் கேங்குக்குப் பிரியாணி போடுவது வழக்கம். கான்ட்ராக்டர் ஆபீசில் கொடுக்கும் ராஜினாமாக் கடிதமெல்லாம் பேப்பருக்காக. நாற்பது பேரும் பிரியாணியைத் தின்று கை கழுவிவிட்டால் அவர் வேலையை விட்டதாக அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டையில் பிரியாணி வாசனை அடித்தது. கையில் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு பொட்டலம்.

அவருக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. தூக்கக் கூடாது என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு வருடமாகப் பட்டை கட்டிக்கொண்டு தூக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. இங்கிலீசுலதான் வோணுமாம். திங்கக்கெழம குடுத்துட்டு வேலைய உட்டுடறேன்."

"தூக்கனது போதும்," என்றாள் அம்மா. "பொண்ணு ஆபீசரா கீறா. இன்னும் இன்னாத்துக்கு மூட்ட மாதிரி செலிண்டர தூக்கிகினு."

வீட்டில் என் பத்தாயிரம், நைனாவின் இருபது. அவருடையது நின்றால் வீட்டு வாடகையும், அவருடைய முழங்கால் மருந்தும், பாலிடெக்னிக்குக்கு வாங்கிய கல்விக்கடனின் தவணையும் என் பதினாலாயிரத்து அறுநூறில் நடக்க வேண்டும். நடக்காது. நான் வகுத்துப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நைனா எனக்காக லெக்பீஸ் கேட்டு வாங்கி வந்திருந்தார். லெக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களைவிட நான் கம்மி என்று சொல்லும் தைரியத்தை எந்தப் பாடத்திட்டத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எழுதிக் கொடுத்தேன். நல்ல ஆங்கிலம். எந்தப் பிழையும் இல்லை. உடல்நலக் குறைவால் பத்து நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதினேன். நைனா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழே பார்த்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். படித்த பெண் படிக்காத அப்பாவுக்குச் செய்த முதல் பெரிய உதவி இது. பத்து நாளில் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். எதிலிருந்து பிறக்கும் என்று யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை கான்ட்ராக்டர் ஆபீஸ் கிளார்க் அதைச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். கேங்கே சுற்றி நின்றிருக்கிறது. மேஸ்திரி சொன்னதை நைனா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார்.

"'இன்னாபா, பிரியாணி போட்டுட்டு லீவு கேக்கற? லீவுக்கு டீ வாங்கிக் குடுத்தா பத்தாதா?' அப்டின்னாரு. நாப்பது பேரு சிரிக்கிறான். நீ இன்னா எழுதன?"

"லீவு லெட்டர் நைனா."

"நான் இன்னா கேட்டேன்?"

இனி சுற்றிப் போக வழி இல்லை. சொன்னேன். என் சம்பளம் பதினாலாயிரத்து அறுநூறு.

நைனா என் பக்கம் திரும்பினார். "பதினஞ்சு நாளிக்கா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

"மாசத்துக்கு."

"வெள்ள ஹெல்மெட்டு குடுத்துக்கறாங்களே."

"ஹெல்மெட்டுக்கும் அதுலதான் நைனா புடிக்கிறாங்க."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். நைனா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு லாரிக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை லாரி என்று அவர் உதடு அசைந்தது. முடித்துவிட்டு, "அப்ப என்னுதவிட கம்மி," என்றார். யாரோ அவரை ஏமாற்றிவிட்டது போல இருந்தது முகம். அந்த யாரோவில் நானும் ஒருத்தி.

"எடத்த மேஸ்திரி குடுத்துட்டாரு," என்றார் பிறகு. மூன்று வருடமாகக் காத்திருந்த ஒருவருக்கு. கவரைப்பேட்டைப் பக்கம் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், இரண்டு பிள்ளைகள். பத்து நாள் லீவு முடிந்ததும் அவர் நைனாவின் இடத்தில் நிற்பார்.

"திருப்பிக் கேளு நைனா."

"இன்னான்னு கேக்கறது? எம் பொண்ணு அவ்ளோ வாங்கறா, இவ்ளோ வாங்கறான்னு ஷெட்டு பூரா சொல்லிகினு திரிஞ்சேன். இப்ப போயி, அதெல்லாம் இல்லபா, அவள நான்தான் காப்பாத்தறேன்னு சொல்லவா? என்னால ஆவாது."

அது அவருடைய மானம் இல்லை, என்னுடைய மானம் என்பது எனக்குப் புரிந்தது. அதை அவர் வாயால் போக்க அவருக்கு மனசு வரவில்லை. அதனால் நான் சொல்வதாகச் சொன்னேன்.

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சம்பளச் சீட்டைப் பிரின்ட் எடுத்தேன். கடைக்காரர் தாளை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐந்து ரூபாயை வாங்க யோசித்தார்.

மறுநாள் காலை டீ நேரம். ஆலை மதிலுக்கு வெளியே லாரிகள் நிற்கிற இடத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே கேங்கு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நான் வருவதைப் பார்த்ததும் பாதிப் பேர் கழற்றி வைத்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் டீயை வைத்துவிட்டுத் தாடைப் பட்டியையும் போட்டார். அதுதான் என் பதவியின் உச்சம் என்று இப்போது நினைக்கிறேன்.

"இன்னா பாப்பா, சேஃப்டி மீட்டிங்கா?" என்றார் மேஸ்திரி.

கூட வந்த நைனா லாரி டயர் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். புதுச் சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு ஒருவர் கொட்டகையின் ஓரத்தில் இருந்தார். காத்திருந்தவர். வேலையைப் பார்த்துப் பழகிக்கொள்ள வந்திருக்கிறார். ஷூவைச் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார்.

"மீட்டிங் இல்ல பெரிப்பா. எங்க நைனா சொன்னது தப்பு. அவர் மேல தப்பு இல்ல, நான்தான் அவருக்குச் சொல்லல. என் கைக்கு வர்றது பதினாலாயிரத்து அறுநூறு. நைனா வேலைய விட்டா எங்க ஊடு நடக்காது."

யாரும் நம்பவில்லை. வெள்ளை ஹெல்மெட்டுக்கா என்று ஒருவர் கேட்டார். வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்கிறேன் என்று இன்னொருவர் விளக்கினார். நான் தாளைக் கொடுத்தேன். அது கைக்குக் கை போனது. படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிக நேரம் பார்த்தார்கள். கடைசியில், டீ குடிக்க வந்திருந்த கான்ட்ராக்டர் ஆபீஸ் கிளார்க்கிடம் போனது. அவர் வரி வரியாகப் படித்தார். பஸ் என்று படித்ததும் முணுமுணுப்பு. சாப்பாடு என்றதும் சிரிப்பு. இன்சூரன்ஸ் என்றதும் ஒருவர் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"செத்தா குடுக்கறத்துக்குக் கூடவா இப்பவே புடிச்சிக்கறாங்க?" என்றார் ஒரு லோடுமேன். "நம்பளுக்கு அந்த பேஜாரு இல்லபா. நம்ப செத்தா ஒண்ணும் கெடையாது."

அதற்குப் பிறகு கொட்டகையில் நடந்ததை அந்த ஆலை இதுவரை கண்டதில்லை. எல்லோரும் அவரவர் சம்பளத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். டேங்கர் டிரைவர் ஒருவர் தன்னுடையதைச் சொன்னார், கிளீனருக்கு எவ்வளவு என்பதைக் கிளீனர் திருத்தினார். செக்யூரிட்டி தன்னுடையது பன்னிரண்டு என்றார், என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போல. கிளார்க் தன்னுடையதைச் சொல்லாமல் தாளை மடித்தார். அவருக்கும் வெள்ளைச் சட்டைதான்.

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார். வழக்கத்தை மாற்றுவது லேசில்லை. பிரியாணி போட்டவன் திரும்பி வந்தால் நாளைக்கு எல்லோரும் பிரியாணி போட்டுவிட்டுத் திரும்புவார்கள் என்றார். அப்படிப் போடுவதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார்கள் கேங்கில் சிலர். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அந்த பிரியாணி, பொண்ணுக்கு வேல கெடச்சதுக்குப் போட்டதுன்னு வெச்சிக்கலாம். அதுக்கு அவன் இன்னும் போடவே இல்ல. நாளிக்கு ஷெட்டுக்கு வா."

நாற்பது பேரும் தாங்கள் தின்ற பிரியாணியைப் பின்தேதியிட்டு மாற்றிக்கொண்டார்கள். ஏஜென்சியின் கணக்காளர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டார்கள்.

ஓரத்தில் இருந்தவர் எழுந்து நின்றார்.

"அப்ப என் எடம்?" என்றார்.

மேஸ்திரி, பார்க்கலாம் என்றார். காத்திருந்தவர் என்னைப் பார்த்தார். என்னிடம் ஒரு வெள்ளை ஹெல்மெட் இருந்தது, ஒரு டிப்ளமோ இருந்தது, அவருக்குக் கொடுக்க ஒரு இடம் இல்லை. அவர் ஷூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றார். அரிசி ஆலையில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம். பஜாரில் இரண்டு முறை எதிரில் பார்த்தேன். இரண்டு முறையும் அவர் வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

அந்த வாரமே ஏஜென்சியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல். சம்பள விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம், இது எச்சரிக்கையாம். அந்தத் தொகை தொழில் ரகசியமாம். எங்கள் ஆலையில் பேனல் முன்னால் உட்காருகிற நிரந்தர ஊழியரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பளத்தையெல்லாம் வெளியில் பேசுவது நல்ல பழக்கம் இல்லை என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் சொல்வது சரிதான். ஒரு லட்சம் வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பழக்கம் இல்லை. எங்கள் தெருவுக்கு விஷயம் அன்றைக்கே வந்துவிட்டது. கல்யாணத் தரகர் ஒரே நாளில் என் சம்பளத்தில் நாற்பத்தையாயிரத்தை வெட்டினார். தகரக் கொட்டகையில் என் டீக்கு யாரும் காசு வாங்குவதில்லை. எவ்வளவு சொன்னாலும் டீக்காரர் கேட்பதில்லை. "உன் நைனா கணக்குல போட்டுக்கறேன்" என்கிறார்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் நைனா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, மேஸ்திரி ஒன்று கேட்கச் சொன்னார் என்றார்.

"இன்னா?"

"கேங்குல பொம்பளைங்களுக்கும் எடம் உண்டாம். உனக்கு இஷ்டமான்னு கேக்க சொன்னாரு. படிச்சத வெளில சொல்லக் கூடாதாம், அதான் ஒரே கண்டிஷன்."

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிக்க இரண்டு நாள் ஆனது.

நான் வேலையை விடவில்லை. கூடவே இன்னொரு தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் தேறினால் சம்பளம் கூடும் என்கிறார்கள். எவ்வளவு கூடும் என்று யாரும் சொல்வதில்லை, ரகசியம். நைனாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாதம் பிறந்து என் போனில் மெசேஜ் சத்தம் கேட்டதும், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர் அப்படியே நின்று கேட்பார்.

"ஏறிச்சா?"

"இல்ல நைனா."

"செரி," என்பார். குனிந்து முழங்கால் பட்டையை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டுவார்.